மச்சானுக்காக வைத்த கைநாட்டு

எனக்குப் படிப்பு கிடையாது. பள்ளிக்கூடத்துக்குள் நான் கால் வைத்ததெல்லாம் ஓட்டுப் போடத்தான். அதனால் இதை நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். நான் 'கீது' என்றால் அவள் 'இருக்கிறது' என்று எழுதிவிட்டு, "அடுத்தது சொல்லு நைனா" என்கிறாள். அவள் புண்ணியத்தில் இந்தத் தாளில் மட்டும் நான் கொஞ்சம் மரியாதையான ஆளாகத் தெரிவேன்.

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் வாடகைக் கார் ஓட்டுகிறேன். கார் என்று நான்தான் சொல்கிறேன். ஏறியவர்கள் இறங்கும்போது வேறு பெயர் சொல்வார்கள். லைசென்ஸ் எப்படி வாங்கினாய் என்று மட்டும் யாரும் கேட்க வேண்டாம்.

சில வருஷத்துக்கு முன்னால் சென்னையிலிருந்து ஒரு சார் வந்து பதினைந்து நாளுக்கு என் காரைப் பேசினார். வெள்ளைச் சட்டை, நரைத்த தாடி, குரல் உயர்த்தாத பேச்சு. என்ன வேலை சார் என்று கேட்டேன். ஆராய்ச்சி மையம் என்றார். ஊருக்கு எது நல்லது, தொழிலுக்கு எது நல்லது என்று நன்றாக யோசித்து, புத்தகமாகப் போட்டு அரசாங்கத்துக்குக் கொடுப்பார்களாம். யோசிக்கிறதுக்குச் சம்பளம் கொடுக்கிற ஆபீஸ் ஒன்று உலகத்தில் இருப்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். எங்கள் தெருவில் உட்கார்ந்து யோசிப்பவனை வேலைவெட்டி இல்லாதவன் என்போம்.

அவர் அந்தத் தடவை யோசிக்க வந்தது எங்கள் பக்கத்து கிரஷர்களைப் பற்றி. மலையை உடைத்து ஜல்லி ஆக்குகிற இடங்கள். அந்தத் தூசு ஜனங்களை என்ன செய்கிறது என்று வீடு வீடாகக் கேட்டு எழுத வேண்டும். எழுதுவதற்குக் கூடவே காலேஜ் படித்த ஒரு பெண்ணையும் கூட்டி வந்திருந்தார்.

பின் சீட்டில் உட்காருகிறவர்களுக்கு முன் சீட்டில் இருப்பவனுக்கும் காது உண்டு என்பது ஞாபகம் வராது. சார் தங்கியது கிரஷர் முதலாளியின் கெஸ்ட் ஹவுஸ். என் காருக்கு டீசல் போட்டது கிரஷர் லாரிக்குப் போடுகிற பங்க்கில், அவர்கள் கணக்குச் சீட்டைக் கொடுத்து. மத்தியானம் எங்கள் மூன்று பேருக்கும் கேரியர் சாப்பாடு கிரஷர் ஆபீஸிலிருந்து வரும். மீன் குழம்பு நன்றாக இருக்கும். அதையும் சொல்லிவிட வேண்டும், இரண்டாம் தரம் வாங்கிச் சாப்பிட்டவன் நான். சாப்பாட்டுக்கு நடுவில் முதலாளி போனில் வருவார். "பயப்படாதீங்க, நல்லபடியா வந்துட்டிருக்கு" என்பார் சார். எதுக்குப் பயம் என்று நான் கேட்கவில்லை. வாயில் மீன் இருந்தது.

கடைசி நாள் எங்கள் தெருவுக்கு வந்தோம்.

என் பக்கத்து வீடு மச்சான் வீடு. சொந்தத்தில் மச்சான் இல்லை. சின்ன வயசிலிருந்து ஒன்றாகச் சுற்றியதால் அவன் என்னை மச்சான் என்பான், நான் அவனை. அவன் கட்டிக்கொண்டு வந்த பெண் என்னை அண்ணே என்று கூப்பிடும். அவன் கிரஷரில் கல் போடுகிற இடத்தில் வேலை. சாயங்காலம் வரும்போது புருவம், இமை எல்லாம் மாவு அரைக்கிறவன் மாதிரி வெள்ளையாக இருக்கும். அந்தச் சமயம் அவனுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்திருந்தது. இங்கே இருந்தால் தூசு ஆகாது என்று அவன் பெண்சாதி அவனை மாகறலில் தன் அம்மா வீட்டுக்கு ஒரு வாரம் கூட்டிப் போயிருந்தது. கதவு பூட்டி இருந்தது.

இங்கே எங்கள் தெரு வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பேப்பரோடு யாராவது வந்தால், எதுக்கு வந்தார்கள் என்று பிறகுதான் பார்ப்போம். முதலில் பெயர் விட்டுப்போகக் கூடாது. வெள்ள நிவாரணம் ஒரு தடவை அப்படி விட்டுப்போய், கடைசி வரைக்கும் நாலு வீட்டுக்கு வரவேயில்லை. அதிலிருந்து ஆள் இல்லாத வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரன் கைநாட்டு வைத்துவிடுவான். எனக்காக மச்சான் வைத்திருக்கிறான், அவனுக்காக நான். யாரும் அதைத் தப்பாக நினைத்ததில்லை.

எழுத வந்த பெண் பூட்டைப் பார்த்துவிட்டு அடுத்த வீட்டுக்கு நகர்ந்தது. நான் மறித்தேன்.

"யம்மா, இந்த வூட்ட வுட்டுடாத. ஆளு ஊருக்குப் போயிக்கீறான். நான் சொல்றேன், எய்திக்கோ."

"அவரே இருக்கணும் அண்ணா."

"நானும் அவனும் ஒண்ணுதாம்மா. அவனுக்கு சளி புடிச்சா எனக்கு மூக்கு ஒழுவும்."

அந்தப் பெண் காரைத் திரும்பிப் பார்த்தது. சார் கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்கி, "அவரே சொன்னதா போட்டுக்கோம்மா, நேரமாகுது" என்றார். கண்ணாடி ஏறிவிட்டது.

இருமல் இருக்கா, மூச்சு வாங்குதா, வேலைக்குப் போக முடியுதா என்று அந்தப் பெண் கேட்டது. இங்கேதான் நான் என் புத்தியைக் காட்டினேன். இந்தப் பேப்பர் நேராகக் கிரஷர் ஆபீஸுக்குப் போகும் என்று கேரியர் சாப்பிட்ட எனக்குத் தெரியும். இருமல் என்று எழுதினால் மறுநாள் மச்சானை வேலைக்கு வராதே என்பார்கள். அதனால், "ஒண்ணும் இல்லம்மா. கல்லு மாதிரி கீறான். கிரஷர் வந்தப்புறம்தான் எங்க வூட்ல அடுப்பு ஒயுங்கா எரியுதுன்னு எய்திக்கோ" என்றேன். மச்சான் குரலிலேயே சொன்னேன். அவன் மாதிரி பேசிக் காட்டுவதில் நான் கெட்டிக்காரன், ஊரே சிரிக்கும். அந்தப் பெண்ணும் சிரித்தது. மைப் பெட்டியை நீட்டியது. என் இடது கட்டை விரலை அழுத்தி வைத்தேன். பார்க்க அழகாக விழுந்தது.

மச்சான் வந்ததும் சொன்னேன். "இன்னா குடுப்பானுங்கோ மச்சான்?" என்றான். "குக்கரா இருக்கும்" என்றேன். இருமலுக்கு நடுவில் சிரித்தான்.

அடுத்த வருஷம் மச்சான் செத்துப்போனான். எப்படிச் செத்தான் என்று நான் சொல்லப்போவதில்லை. கடைசி மாதத்தில் காற்றுக்காக வாசலில் உட்கார்ந்துகொண்டு, வாயைத் திறந்து மூடுவான். நான் ஏதாவது வேடிக்கை பேசினால், சிரிக்க முடியாது பேசாதே என்று கையைக் காட்டுவான். என் வாழ்க்கையில் என்னைப் பேச வேண்டாம் என்று கெஞ்சியவன் அவன் ஒருவன்தான்.

தூசு நோயில் செத்தவர்கள் குடும்பத்துக்கு அரசாங்கம் உதவி கொடுக்கும் என்று யாரோ சொல்லி, அவன் பெண்சாதி காஞ்சிபுரத்து ஆபீஸில் மனு கொடுத்தது. இரண்டு பெண் பிள்ளைகள், படிப்பு நின்றுவிடும் நிலைமை. அந்த உதவியை விட்டால் அதற்கு வேறு பிடி இல்லை. கொஞ்ச நாள் கழித்து ஒரு கவரை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தது. கிரஷர் தரப்பில் பதிலுக்கு வைத்த பேப்பராம், அதைப் பார்த்து மனுவை நிறுத்திவிட்டார்களாம். என் மகளிடம் கொடுத்து, "இன்னா போட்டுக்கீறாங்கோ, படி கண்ணு" என்றது.

என் மகள் படித்தாள். சார் போட்ட புத்தகத்திலிருந்து ஒரு பக்கம், அதோடு ஒரு பாரத்தின் நகல். 'எனக்கு இருமலோ மூச்சுத் திணறலோ எதுவும் இல்லை. கிரஷர் வந்த பிறகுதான் எங்கள் வீட்டில் அடுப்பு ஒழுங்காக எரிகிறது.' கீழே மச்சான் பெயர். அதற்குக் கீழே கட்டை விரல்.

என் மகள் நிறுத்தி நிறுத்திப் படித்ததில் அது மச்சான் பேசுவது போலவே இருந்தது.

மச்சான் பெண்சாதி அந்தத் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தது. "இவ்ளோ கோடு கீதே அண்ணே. அவருக்கு ஏது கோடு?"

உண்மைதான். கல்லும் தூசும் தேய்த்துத் தேய்த்து மச்சான் விரலில் ரேகையே இல்லாமல் வழவழவென்று போயிருந்தது. ரேஷன் கடை மிஷினில் அவன் விரல் ஒரு தடவைகூடப் பொருந்தியதில்லை. எப்போதும் அவன் பெண்சாதிதான் வரிசையில் நின்று விரல் வைக்கும்.

நான் இடது கையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். "நகல் எடுக்கிற மிஷின்ல கோடு வந்திருக்கும்மா" என்றேன். படிக்காதவன் சொன்ன விளக்கம். அதுவும் படிக்காதது, நம்பிப் போய்விட்டது.

அதற்குப் பிறகு ஒரு சங்கடம். காலியாகக் கார் ஓட்டி வரும்போது, பின் சீட்டில் இருமல் கேட்கும். தூசு போல மெல்லிய இருமல். எனக்குப் பேய் பயம் உண்டு. பேய்க்கே என்னைப் பார்த்தால் சிரிப்பு வரும் என்று ஊரில் சொல்லிச் சிரித்துக்கொண்டேன். ஆனால் திருமுக்கூடல் பாலத்தில் பட்டப்பகலில் வண்டியை ஓரம் கட்டி, இறங்கி, பின் கதவைத் திறந்து பார்த்திருக்கிறேன். யாரும் இல்லை. சீட்டில் வெள்ளையாகத் தூசு மட்டும். எங்கள் பக்கத்தில் எல்லா சீட்டிலும் அது இருக்கும்தான். அப்படியும் துடைக்கக் கை போகவில்லை.

தேர்தல் வந்தது. எங்கள் தொகுதிக்கு யார் நிற்கிறார் என்று பார்த்தால், போஸ்டரில் நரைத்த தாடி. யோசிக்கிற வேலையை விட்டுவிட்டு சார் கட்சியில் சேர்ந்திருந்தார். பிரசாரத்துக்குக் கார்களைக் கிரஷர் ஆபீஸில்தான் பேசினார்கள். என்னையும் பேசினார்கள். நான் போனேன். போகாமல் இருந்திருக்கலாம்.

எங்கள் தெருவுக்கு அவர் வந்த அன்று, ஆரத்தி எடுக்கப் பெண்களை நிற்க வைத்திருந்தார்கள். மச்சான் பெண்சாதியும் தட்டோடு நின்றிருந்தது. புருஷன் போனவள் ஆரத்தி எடுப்பது வழக்கமில்லைதான், ஆனால் வீட்டுக்கு ஒரு ஆள் என்று கிரஷர் ஆபீஸில் கூப்பிட்டால் எப்படி வராமல் இருப்பது. சார் பக்கத்தில் ஒரு ஆள் கையில் அன்றைக்கு வீடு வீடாக எழுதின அந்தப் பழைய பட்டியல். வீட்டு எண்ணைப் பார்த்துப் பெயரை அவர் காதில் சொல்லுவான். சார் அந்தப் பெயரைச் சொல்லி விசாரிப்பார். ஜனங்களுக்கு ஒரே ஆச்சரியம், சாருக்கு நம்மை எல்லாம் ஞாபகம் இருக்கிறதே என்று.

மச்சான் வீட்டு வாசலில் நின்றார். அந்த ஆள் காதில் சொன்னான். சார் சிரித்த முகமாக, மச்சான் பெயரைச் சொல்லி, "அண்ணன் வீடுதானே இது? நல்லா இருக்காரா? வேலைக்கு ஒழுங்கா போறாரா?" என்றார்.

மச்சான் பெண்சாதி தட்டைச் சுற்றியது. கற்பூரம் எரிந்துகொண்டே இருந்தது. சார் கும்பிட்டுவிட்டு அடுத்த வாசலுக்குப் போய்விட்டார். அவர் தெரிந்து செய்யவில்லை. பேப்பரில் மச்சான் உயிரோடு, ஆரோக்கியமாக இருக்கிறான். அப்படி வைத்த நான் ஸ்டியரிங்கில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவர்கள் போன பிறகு நான் இறங்கி அதன் பக்கம் போனேன். தட்டைக் கீழே வைத்துவிட்டு நின்றிருந்தது.

"எல்லாரும் அவரு நல்லா கீறாருங்கிறாங்கோ அண்ணே," என்றது. "பேப்பரும் சொல்து, பெரிய மனுசரும் கேக்குறாரு. எனக்கே சந்தேகமா கீது, நான்தான் ஏதாவது கனாக் கண்டுட்டு வெள்ளப் பொடவ கட்டிக்கினு நிக்கிறனான்னு."

வேடிக்கையாகச் சொல்ல ஏதாவது வருகிறதா என்று பார்த்தேன். வரவில்லை.

"அது என் விரலும்மா," என்றேன். "அந்தப் பேச்சும் நான் பேசினதுதான். அவனுக்கு வேல போயிடும்னு பயந்து சொன்னேன். பேரு வுட்டுடக் கூடாதுன்னு வெச்சேன்."

என்னைப் பார்த்தது. திட்டும் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஆபீஸ்ல வந்து சொல்றியா?" என்றது.

மறுநாள் காலையில் பிரசாரத்துக்கு வண்டி வராது என்று சொல்லிவிட்டு, அதை ஏற்றிக்கொண்டு காஞ்சிபுரம் போனேன். ஆபீஸில் ஒரு அம்மா அதிகாரி. நான் நடந்ததைச் சொன்னேன். அந்த அம்மா பாரத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது நீங்க வெச்சதுன்னு எழுதிக் கொடுப்பீங்களா?"

"எய்தத் தெரியாதும்மா. எய்தத் தெரிஞ்சிருந்தா இந்தப் பேஜாரே வந்திருக்காது. விரலு கீது, வெச்சுப் பாத்துக்கோங்கோ."

"உங்க மேல கேஸ் வரலாம்."

"வரட்டும்மா. என் பேரும் ஒரு பேப்பர்ல உண்மையா இர்க்கட்டும்."

யாரும் சிரிக்கவில்லை. ஒரு வெள்ளைத் தாளில் விரலை வைக்கச் சொன்னார். பழைய விரல் பக்கத்தில் புது விரல். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு மச்சானுடைய ரேஷன் கடைச் சமாசாரத்தை அவன் பெண்சாதி வாயால் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார். பாரத்தைக் கட்டிலிருந்து தனியாக எடுத்து, ஆஸ்பத்திரி சீட்டுகளைக் கொண்டுவரச் சொன்னார். மனுவை மறுபடி விசாரணைக்கு எடுத்துக்கொள்கிறோம் என்றார்.

திரும்பி வரும்போது, வழக்கமாக முன் சீட்டில் உட்காரும் மச்சான் பெண்சாதி பின்னால் உட்கார்ந்தது. மாகறல் தாண்டும்போது தன் அம்மா வீட்டுப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தது.

"நீ வுட்டிருந்தா, பூட்டி கீதுன்னு எய்திக்கினு போயிருப்பாங்கோ," என்றது மெதுவாக. "அவ்ளோதான் இருந்திருக்கும்."

நான் கண்ணாடியில் பார்த்தேன். அது ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தது. எங்கள் தெருமுனை வந்ததும், "இங்கயே நிறுத்து. வூடு வரைக்கும் வாணாம்" என்றது. அண்ணே என்று சொல்லவில்லை. இறங்கி, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு நடந்தது.

சார் ஜெயித்துவிட்டார். மச்சான் பெண்சாதிக்கு உதவி கிடைத்தது, பெரிய பெண் காலேஜ் போகிறாள். இதெல்லாம் என் மகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பக்கத்து வீடுதான். காலையில் நான் வண்டியை எடுக்கும்போது அது கோலம் போட்டுக்கொண்டிருந்தால், கோலத்தை அப்படியே விட்டுவிட்டு எழுந்து உள்ளே போய்விடும். நான் போனதும் வந்து மீதியைப் போடும் போலிருக்கிறது. சாயங்காலம் வரும்போது கோலம் முழுசாக இருக்கும்.