அம்மாவின் ஸ்பீக்கரில் காணாமல் போன என் குரல்

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமே கிடையாது. சிதம்பரத்தில் எம்.ஏ. படித்த நாளில், பார்வையில்லாத நான்கு கல்லூரித் தம்பிகளுக்குப் பாடம் வாசித்துக் காட்டுவேன். கடலூருக்குத் திரும்பிய பிறகும் அதை விடவில்லை. பதிவு செய்து அனுப்புகிறேன். விடுதி அறையில் ஒரே போனை நடுவில் வைத்து நால்வரும் கேட்பார்கள்.

பதிவை ஹெட்போனில்தான் சரிபார்ப்பேன். மூச்சு வாங்குவது, தாள் புரள்வது எல்லாம் அதில்தான் பிடிபடும். அம்மாவுக்கு ஹெட்போன் ஆகாது. "அத மாட்டுனா தெருவே காலியான மாதிரி இருக்குது" என்பாள். அவளுக்குச் சமையலறை அலமாரியில் இருக்கும் ஒற்றை ஸ்பீக்கர் போதும். நான் வாசித்தது எதுவானாலும் அதில் ஒரு முறை கேட்டுவிடுவாள்.

போன மாதம், அவர்களுக்குத் தேர்வுக்கு முந்தின நாள். கடைசிப் பாடம் பாக்கி. குரலை அகலமாக்கும் வசதி ஒன்றைச் செயலியில் கண்டுபிடித்துப் போட்டிருந்தேன். பின்னணியில் இசையும் சேர்த்திருந்தேன். ஹெட்போனில் கேட்டால் பெரிய மண்டபத்தில் நின்று பேசுவது போல இருந்தது. அனுப்புவதற்கு முன் வழக்கம்போல அம்மாவுக்குப் போட்டேன். நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"இன்னாடி, பாட்டு வருது, உன்னக் காணோம்?"

"சத்தத்தக் கூட்டும்மா."

"கூட்டிட்டேன். பாட்டுதான் ஜாஸ்தியாவுது. நீ கெணத்துக்குள்ள கெடக்குற."

"உன் ஸ்பீக்கரு அவ்ளோதான்" என்று ஹெட்போனை அவள் காதில் மாட்டினேன்.

"இதுல நல்லாத்தான் இருக்குது" என்று ஒப்புக்கொண்டவள், கழற்றிக்கொண்டே கேட்டாள்: "அந்தப் பசங்க ஆளுக்கு ஒன்னு மாட்டிக்கினா கேக்குறாங்க?"

போனின் ஸ்பீக்கரிலேயே போட்டுப் பார்த்தேன். அதிலும் என் குரல் இல்லை. அந்த வசதி என் குரலை ஒரு காதுக்கு நேராகவும் இன்னொரு காதுக்கு ஒலி அலையைத் தலைகீழாக்கியும் அனுப்பியிருக்கிறது. ஒற்றை ஸ்பீக்கரில் இரண்டும் கலந்ததும் ஒன்றையொன்று அழித்துவிட்டன. அனுப்பியிருந்தால், தேர்வுக்கு முந்தின நாள் அவர்களுக்கு இசை மட்டும்தான் போயிருக்கும். அந்த வசதியை எடுத்துவிட்டு அனுப்பினேன்.

சாயங்காலம் ஒரு தம்பி கூப்பிட்டான். "அக்கா, நாலு பேரும் ரெண்டு வாட்டி கேட்டுட்டோம். ஆனா பாடத்துக்கு எதுக்குக்கா மியூசிக்கு?"

நடந்ததைச் சொன்னேன். சிரித்துவிட்டு, "அம்மாகிட்ட குடுங்கக்கா" என்றான்.

அம்மா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கினாள். "நல்லா எழுதுங்கப்பா" என்றாள்.