என் கம்பெனியின் முதல் சீல்

இருபத்திரண்டு வருட நிரந்தர வேலையை ராஜினாமா செய்த மாவீரனாகிய நான், என் எலக்ட்ரிகல் கான்ட்ராக்ட் கம்பெனிக்குச் செய்யக் கொடுத்திருந்த ரப்பர் சீலை வாங்க இன்று மண்டி மொஹல்லா கடைக்குப் போனேன். முழங்கால்கள் மோதிய சத்தத்தில் சாமுண்டி மலை நந்தியே எழுந்து நின்றிருக்கும்.

சட்டைப் பையில், வீட்டுக்குத் தெரியாமல், ஒரு கடிதம். மாலை ஐந்துக்குள் பழைய ஆபீஸில் கொடுத்தால் ராஜினாமா ரத்து.

"ஏன் சார் கை நடுங்குது?" என்றார் கடைக்காரர்.

"குளிருதுங்க."

"இந்த வெயில்லயா? சரி, ஒரு பேப்பர் கொடுங்க, அடிச்சுப் பாத்துடலாம்."

பயத்தில் பைக்குள் கைவிட்டு, வந்ததை நீட்டினேன். ஓங்கி ஒரு குத்து.

"மீண்டும் பணியில் தொடர அனுமதிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்" என்ற வரியின் மேல், நீல மையில் என் கம்பெனி பெயர். அதன் கீழே, புரொப்ரைட்டர்.

"நோடி சார், பாருங்க, எவ்வளவு அழகா விழுந்திருக்கு."

இப்போது மணி நாலே முக்கால். எதிர்க்கடையில் மூன்றாவது காபி. புதிதாக எழுத நேரமில்லை. இதையே கொண்டுபோய்க் கொடுத்தால் மேனேஜர் என்ன சொல்வார்?

அனுபவசாலிகள் உடனே பதில் போடவும். ஐந்து மணிக்கு மேல் வரும் அறிவுரைகளை எங்கள் கம்பெனி ஏற்பதில்லை.