ராத்தாவின் கேற்

வாசலில் இருந்த அந்த இரும்புக் கேற்றின் கொளுக்கி இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. சாய்ந்தமருதில் ராத்தா நடத்திய பாலர் பாடசாலை விட்டதும், கொளுக்கியில் ஒரு கையை வைத்துக்கொண்டுதான் நிற்பாள். கூட்டிப்போக வந்தவர் எவராக இருந்தாலும் அவர் முகத்தைப் பார்க்கமாட்டாள். குனிந்து பிள்ளையிடம் கேட்பாள்: "மகள், இவரு ஆரு? இவரோட போறியா?" பிள்ளை "ஓம்" என்றால்தான் கொளுக்கி எழும்பும்.

ராத்தா என் மூத்த சகோதரி, நான் இளையவள். அவளுக்கு ஏழு வயதிருக்கும்போது பள்ளிக்கூடத்திலிருந்தே ஒருவன் அவளைக் கொண்டுபோனான். தான் மாமா என்றானாம், உம்மாவுக்குச் சுகமில்லை என்றானாம். டீச்சர் அவனிடம்தான் கேட்டார். அவன் சொன்னதை நம்பினார். பக்கத்தில் நின்று அவனை அண்ணாந்து பார்த்த பிள்ளையிடம் ஒரு சொல் கேட்கவில்லை. சில நாள் கழித்துப் பொத்துவில் பக்கம் பூட்டிக்கிடந்த வீடொன்றிலிருந்து பொலிஸார் மீட்டு வந்தார்கள். "என்னட்ட ஒருத்தரும் கேக்கல்லயே" என்பாள். அந்த நாட்களைப் பற்றி வாழ்நாளில் அவள் சொன்னது அவ்வளவுதான்.

அவனைவிட எனக்கு ஊரை நினைத்தால்தான் குமட்டுகிறது. திரும்பி வந்த பிள்ளையைப் பார்க்கத் திரண்ட பெண்கள், மீன் வாங்குகிற மாதிரி அவளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். அவள் பெரியவளானதும் எங்கள் வழக்கப்படி வாப்பா வீடு கட்டினார், மாப்பிள்ளை வந்து குடியேற வேண்டிய வீடு. பெண் பார்க்க வந்த ஒருத்தி எங்கள் வட்டிலப்பத்தை வழித்துத் தின்றுவிட்டு, விரலை நக்கிக்கொண்டே உம்மாவின் காதுக்குள் கேட்டாள்: "அந்த நாள்ல புள்ளைக்கு ஒண்டும் நடக்கல்லதானே?" சீ! இன்றைக்கும் எனக்கு வட்டிலப்பம் தொண்டையில் இறங்குவதில்லை. உள்ளே இருந்த ராத்தா வெளியே வந்தாள். "கேக்கிறதெண்டா என்னட்டக் கேளுங்க" என்றாள். வந்தவள் முந்தானையை உதறிக்கொண்டு போய்விட்டாள். மாப்பிள்ளை வராத அந்த வீட்டில்தான் ராத்தா பாலர் பாடசாலையைத் தொடங்கினாள்.

ஒருமுறை ஊரில் பெரிய மனிதரான ஹாஜியார் ஒருவர் பேரனைக் கூட்டிப்போக வந்தார். பேரன் என்ன கோபமோ, மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டான். ராத்தா திறக்கவில்லை. பிள்ளையின் தாய் வரும்வரை மனிதர் வெயிலில் நின்றார். "ஆரோ புடிச்சிட்டுப் போனதுல இருந்து அவளுக்குப் பைத்தியம்" என்று ஊரெல்லாம் கதைத்துத் திரிந்தார்.

இந்த வருடத் தொடக்கத்தில் ராத்தா மௌத்தானாள். போன மாதம் அந்தப் பாடசாலை முற்றத்தில் அவளை நினைவுகூரக் கூட்டம் வைத்தார்கள். மைக்கைப் பிடித்தவர் யார்? அதே ஹாஜியார்! பூட்டு, இருட்டு, அழுகை என்று, அவள் பூட்டிக்கிடந்த நாட்களைக் கூட இருந்து பார்த்தவர்போலச் சுவைத்துச் சுவைத்துச் சொன்னார். சனம் உச்சுக்கொட்டிக் கேட்டது. கேற்றைப் பற்றி, அவள் கேட்ட கேள்வியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எழும்பிப் போய் அந்த மைக்கில் காறித் துப்பலாமா என்றிருந்தது எனக்கு.

கூட்டம் முடிந்ததும் போன வருடம் ராத்தாவிடம் சேர்ந்து இன்னும் அங்கே படிக்கிற என் பேத்தியைக் கூட்டிப்போகக் கேற்றடிக்கு வந்தேன். ராத்தாவின் இடத்துக்கு வந்திருக்கும் இளம் டீச்சர் ஹாஜியாரை வழியனுப்புகிற அவசரத்தில் இருந்தார். என்னைக் கண்டதும் சிரித்துக்கொண்டே கொளுக்கியைத் தூக்கினார். "மாமி, கூட்டிட்டுப் போங்க."

பேத்தி அசையவில்லை. கேற்றுக்கு உள்ளேயே நின்று டீச்சரை அண்ணாந்து பார்த்தாள்.

"டீச்சர், நீங்க என்னட்டக் கேக்கல்லயே."

டீச்சர் கொளுக்கியைத் திரும்பப் போட்டுவிட்டுக் குனிந்தார்.