குறைந்துபோன மூன்று உருண்டைகள்

போசானுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் விடியும்போதே எரிச்சல் தொடங்கிவிடும். மற்ற நாட்களில் ரொட்டி மட்டும்தான். ஞாயிறன்று ஆன்டெப் நகரின் அந்தத் தெருவிலுள்ள அறுபது வீட்டுச் சமையலும் தாம்பாளத்தில் ஏறி அவருடைய அடுப்புக் கடை வாசலுக்கு வந்துவிடும். நறுக்குவது, பிசைவது, அடுக்குவது எல்லாம் வீட்டுப் பெண்கள். சுட்டுக் கொடுப்பது, 'உஸ்தா' என்று எல்லோரும் அழைக்கும் மேஸ்திரி போசான். ஒவ்வொரு தாம்பாளத்தோடும் ஓர் உத்தரவும் கூடவே வரும்.

"உஸ்தா, மிளகாய் கருகக் கூடாது, சொல்லிட்டேன்."

"உஸ்தா, போன வாரம் கத்திரிக்காய் நடுவுல வேகல. எங்க மாமனார் ஒரு வாய் வெச்சுட்டு எழுந்துட்டார்."

"உஸ்தா, எங்களுது முதல்ல. விருந்தாளிங்க வந்து உக்காந்தாச்சு."

"எல்லா வீட்டுலயும்தான் விருந்தாளி உக்காந்திருக்காங்க. அடுப்புக்கு ஒரு வாய்தான் இருக்கு, தாயி!" என்று போசான் நீளமான மரத்துடுப்பால் தாம்பாளத்தை அடுப்புக்குள் தள்ளிக்கொண்டே கத்துவார். அவர் கத்துவதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. மாவு பிசையும் ஜுமா மட்டும் தலையைக் குனிந்து சிரித்துக்கொள்வான். அவனுக்கும் நாற்பது தாண்டிவிட்டது. பதினைந்து வருடமாக இதே கத்தலைக் கேட்கிறான்.

தாம்பாளத்தைப் பார்த்தே மாதம் சொல்லிவிடுவார் போசான். வசந்தம் பிறந்தால் பச்சைப் பூண்டும் கொத்துக்கறியும். அதற்குப் பின்னால், கொட்டை எடுத்த மஞ்சள் லோக்காட் பழத்துக்குள் கறி அடைத்தது. ஆகஸ்டில் கத்திரிக்காய். குளிர் வந்தால் சின்ன வெங்காயமும் மாதுளைச் சாறு காய்ச்சிய பாகும். எந்தத் தாம்பாளத்தில் எந்த ஓரம் நெளிந்திருக்கிறது, அது யார் வீட்டுடையது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். பெயர் எழுதி வைக்க வேண்டிய தேவையே இருந்ததில்லை.

ஆனாலும் அவர் இந்த ஊர்க்காரர் இல்லை. கிழக்கே இரண்டு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் இருக்கும் உர்ஃபாவிலிருந்து இருபத்திரண்டு வயதில் வந்தவர். வந்த முதல் மாதமே ஒரு தப்புச் செய்தார். லஹ்மஜுனுக்கு, அதாவது மெல்லிய மாவின் மேல் தடவிச் சுடும் கறிக்கலவைக்கு, உர்ஃபாவில் வெங்காயம் போடுவார்கள். ஆன்டெப்பில் பூண்டுதான். ஒரு பெண் கொண்டுவந்த கலவையைப் பார்த்துவிட்டு, "இதுல வெங்காயம் போட்டா இன்னும் நல்லா இருக்கும்க்கா" என்று சொல்லிவிட்டார். அன்று சாயங்காலத்துக்குள் தெரு முழுக்க அவருக்கு 'உர்ஃபாக்காரன்' என்று பெயர் விழுந்துவிட்டது. இருபத்தெட்டு வருடம் ஓடிவிட்டது. இந்த ஊர்ப் பெண் எம்சாலைக் கட்டினார். கல்யாணமான வாரமே வீட்டில் பூண்டு ஜெயித்தது. இரண்டு மகள்களையும் இந்த ஊரிலேயே கட்டிக்கொடுத்தார். பெயர் மட்டும் மாறவே இல்லை.

ஒரு விஷயத்தில் அவருக்குக் கர்வம் உண்டு. இத்தனை வருடத்தில் பிறர் தாம்பாளத்திலிருந்து ஒரு துணுக்கு எடுத்து வாயில் வைத்ததில்லை. ஆட்டு வால்கொழுப்பு உருகிக் கடையெல்லாம் மணக்கும்போது அவர் ரொட்டியும் தக்காளியும் தின்றுகொண்டிருப்பார். "ஊர்ச் சோறு முழுக்க என் கையில இருக்கு. ஒரு தடவை விரலை நக்கினா அந்தக் கை போச்சு" என்று ஜுமாவிடம் சொல்வார்.

அந்த ஆகஸ்ட் ஞாயிறன்று மத்தியானம் நெஸிஹே அக்கா வேகவேகமாக வந்தார். பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். கையில் சுட்ட தாம்பாளம். அரை மணி நேரம் முன்னால்தான் அவருடைய கணவர் வக்காஸ் அதை வாங்கிக்கொண்டு போயிருந்தார். நெஸிஹே அதை வாசற்பலகையில் டங்கென்று வைத்தார்.

"நாற்பத்திரண்டு உருண்டை அனுப்பினேன், உஸ்தா. முப்பத்தொன்பதுதான் வந்திருக்கு."

போசான் எட்டிப் பார்த்தார். ஒரு கத்திரிக்காய்த் துண்டு, ஒரு கறி உருண்டை என்று வட்டம் வட்டமாக அடுக்கிய தாம்பாளம். ஓரத்தில் ஓர் இடத்தில் கத்திரிக்காய்கள் ஒன்றோடொன்று சாய்ந்து கிடந்தன.

"எண்ணினதுல எங்கயாவது தவறியிருக்கும்க்கா."

"நானா? எண்ணினதுலயா?"

"அப்ப என்ன, அடுப்பு தின்னுடுச்சுன்னு சொல்றீங்களா?"

"அடுப்புக்கு வாய்தானே இருக்கு. வயிறு யாருக்கு இருக்குன்னு நான் சொல்லல."

வரிசையில் நின்ற பெண்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். போசான் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் நெஸிஹே தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டார். திரும்பும்போது, யாரிடமும் சொல்லாததுபோல் ஒரு வார்த்தையை விட்டுப்போனார்: "உர்ஃபாக்காரன் கையில குடுத்தா இப்படித்தான்."

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அடுத்த ஞாயிறு அறுபது தாம்பாளம் வர வேண்டிய இடத்தில் பதினெட்டுதான் வந்தது. மற்றவை மேட்டுத் தெரு அடுப்புக்கு ஏறிவிட்டன. வந்தவர்களும் சும்மா வரவில்லை.

"எங்களுது இருபத்தாறு, உஸ்தா. சும்மா சொல்லி வெக்கிறேன்."

"சும்மா எதுக்குச் சொல்றீங்க?"

"சும்மாதான்."

ஜுமா துடுப்பை வாங்கிக்கொள்ளாவிட்டால் அன்று அந்தத் தாம்பாளம் தெருவுக்குப் பறந்திருக்கும்.

வீட்டில் எம்சால் கேட்டாள். "மனுஷா, நீ போய் அவகிட்ட நேரா பேசலாம்ல?"

"என்னன்னு பேச? நான் திங்கலைன்னா? தின்னதுக்கு எலும்பு காட்டலாம். திங்காததுக்கு எதைக் காட்டுறது?"

"அப்ப விடு. நாலு வாரத்துல மறந்துடுவாங்க."

"இருபத்தெட்டு வருஷத்துல என் ஊரையே மறக்கல. இதையா மறக்கப்போறாங்க?"

அந்த வியாழக்கிழமை, ரொட்டி வேலை ஓய்ந்த மத்தியான நேரத்தில் வக்காஸ் வந்தார். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், நல்ல உயரம். வசந்தத்தில் இதய அறுவைச் சிகிச்சை ஆனபின் சட்டை தொளதொளவென்று தொங்கியது. ஜுமா வெளியே போகும்வரை காத்திருந்து, அடுக்கிலிருந்து ஒரு ரொட்டியை எடுத்துப் போசான் முன்னால் வைத்தார்.

"உஸ்தா, இது மேல கை வெச்சு ஒரு சத்தியம் பண்ணணும். நான் சொல்லப்போறதை யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு."

"என்ன விஷயம்?"

"முதல்ல கையை வை."

மனிதர் முகத்தைப் பார்த்தால் சாகப்போகிறவர் போல இருந்தது. வியாதிக்காரர், ஏதோ வீட்டுக் கஷ்டம் என்று நினைத்துப் போசான் கையை வைத்தார்.

"அந்த மூணையும் நான்தான் தின்னேன்," என்றார் வக்காஸ்.

போசான் கை ரொட்டிமேலேயே இருந்தது.

"ஏப்ரல்லேருந்து எனக்கு வேகவெச்ச பூசணியும் தயிரும்தான், உஸ்தா. கொழுப்பு கூடாது, உப்பு கூடாது. தாம்பாளத்தை வாங்கிட்டு மசூதிச் சுவர் ஓரமா போறேன். மூடின ரொட்டிக்கு அடியிலேருந்து ஆவி வந்து மூக்குல ஏறுது. ஒண்ணுதான் எடுத்தேன். அப்புறம் இன்னொண்ணு. மூணாவது எப்படிப் போச்சுன்னே தெரியல. அவ எண்ணி வெச்சிருப்பான்னு எனக்குத் தோணவே இல்ல."

"யோவ்! அங்க நின்னு பார்த்துட்டுத்தானே இருந்தே? அவங்க என்னைத் திருடன்னு சொல்லிட்டுப் போனப்போ?"

"நான் வீட்டுல இருந்தேன்."

"தெரிஞ்சப்புறம் சொல்லியிருக்கலாம்ல!"

"சொன்னா அவ அழுவா, உஸ்தா. திட்டினா தாங்கிக்கலாம். ஆஸ்பத்திரியில அவ அழுததைப் பார்த்தவன் நான்." வக்காஸ் கிளம்பத் திரும்பினார். "மனசு உறுத்துச்சு. உன்கிட்டயாவது சொல்லிடணும்னு வந்தேன். இப்ப கொஞ்சம் லேசா இருக்கு."

அவர் லேசாக நடந்து போனார். அந்தப் பாரம் அப்படியே போசான் தலையில் ஏறிக்கொண்டது. இதுவரை பழி மட்டும் இருந்தது. இப்போது உண்மையும் கையில் இருக்கிறது, வெளியே எடுக்க வழியில்லை. வேறு எதன்மேல் செய்த சத்தியமாக இருந்தாலும் ஒரு வழி பார்த்திருப்பார். ரொட்டியால் பிழைக்கிறவன் ரொட்டிமேல் வைத்த கையை எடுத்துவிட்டு நாளைக்கு எந்தக் கையால் மாவைத் தொடுவான்? மூன்று இரவு புரண்டு படுத்தார். எம்சாலிடம்கூடச் சொல்லவில்லை. "என்னாச்சு, என்னாச்சு" என்று அவள் கேட்கக் கேட்க, அவருக்கு அவள்மேலும் எரிந்து விழத்தான் முடிந்தது.

மூன்றாவது ஞாயிறு காலை பத்து மணிக்கு வாசலில் சத்தம் கேட்டு நிமிர்ந்தார். கூட்டம். ஐம்பது தாம்பாளமாவது இருக்கும். முன்னால் நின்ற பெண் எதுவுமே நடக்காததுபோல் பேசினாள்.

"மேட்டுத் தெருக்காரன் போன வாரம் மேல கருக்கிட்டான், உள்ள பச்சை. சாப்பிட முடியல. இந்தா உஸ்தா, மிளகாய் கருகாம பாத்துக்க."

பின்னால் நெஸிஹேயும் நின்றிருந்தார், தாம்பாளத்தோடு. பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு வக்காஸ்.

ஒரே ஒரு ஆளாவது 'தப்பா நினைச்சுட்டோம்' என்று ஆரம்பித்திருந்தால் போசான் துடுப்பை எடுத்திருப்பார். அவர் கொக்கியை எடுத்தார். மேலே சுருண்டிருந்த இரும்புக் கதவைக் கீழே இழுத்து இடுப்பளவில் நிறுத்தி, உள்ளே மாவுப் பலகைமேல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

"உஸ்தா! என்ன பண்றே?"

"அடுப்பு எரியுது. ஆனா இன்னைக்குக் கதவு திறக்காது. இந்த வாசல்ல நின்னுதான் என்னைத் திருடன்னு சொன்னாங்க. இதே வாசல்ல நின்னு இல்லைன்னு சொல்லட்டும். அப்புறம் பாக்கலாம்."

வெளியே வெயில் நாற்பதைத் தாண்டியிருந்தது. ஐம்பது வீட்டுப் பச்சைக் கறி. பெண்கள் ஈரத்துணி போட்டு மூடினார்கள், ஈயை விரட்டினார்கள், மாறி மாறிக் கத்தினார்கள். யாரோ ஓடிப்போய் எம்சாலைக் கூட்டிவந்தார்கள். அவள் குனிந்து கதவுக்கு அடியில் தலையை நீட்டினாள்.

"ஒருத்தி நாக்குக்காக ஐம்பது வீட்டுக் கறியை அழுக வெப்பியா, மனுஷா?"

"ஐம்பது வீடும் அந்த நாக்கு சொன்னதைத்தானே கேட்டுச்சு!"

எம்சால் கதவுக்கு அடியிலிருந்து தலையை எடுத்தாள். பிறகு நிமிர்ந்து, கூட்டத்தைப் பார்த்து, "அவர் சொல்றதும் நியாயம்தான்" என்றாள். கத்தல் இரண்டு மடங்காயிற்று.

எல்லோரும் நெஸிஹே பக்கம் திரும்பினார்கள். "சொல்லிடுங்க, டீச்சர். சும்மா ஒரு வார்த்தை."

"எண்ணினதை எண்ணலைன்னு எப்படிச் சொல்றது?" நெஸிஹேயின் குரலும் ஏறியிருந்தது. "அவர் எடுக்கலைன்னா யார் எடுத்தாங்க? அதை அவர் சொல்லட்டும், நான் மன்னிப்புக் கேக்கறேன்."

போசான் கதவுக்கு அடியிலிருந்து வக்காஸின் காலணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பழுப்புக் காலணி. அது ஒரு தப்படி பின்னால் போயிற்று. மறுபடி முன்னால் வந்தது. போசான் நாக்கு நுனிவரை வந்த பெயரை விழுங்கினார்.

"சொல்லுங்க உஸ்தா! யாரு?"

"எனக்குத் தெரியாதுன்னு நான் சொல்லல," என்றார் போசான். "சொல்ல முடியாது. அவ்வளவுதான்."

அப்போதுதான் குடை கீழே விழுந்தது.

"நெஸிஹே," என்றார் வக்காஸ், "நான்தான் தின்னேன். மூணையும். மசூதிச் சுவர் ஓரத்துல வெச்சு."

எல்லோரும் வக்காஸ் பக்கம் திரும்பினார்கள். இந்த நொடிக்காகத்தான் இரண்டு வாரமாகப் போசான் காத்திருந்தார். இதைக் கேட்டதும் ஒருவர் தலை குனிவார், ஒருவர் 'உஸ்தா' என்று தழுதழுப்பார் என்றெல்லாம் நினைத்திருந்தார். ஆனால் யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்துவிட்டாள். அதோடு வாசல் முழுக்கச் சிரிப்பு வெடித்தது.

"மசூதிச் சுவர் ஓரத்துலயா! அல்லா பாத்துட்டிருக்கும்போதேவா!"

"டீச்சர் வீட்டுக்காரரே கணக்குல கோட்டை விட்டுட்டாரே!"

நெஸிஹே மட்டும் சிரிக்கவில்லை. வக்காஸின் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டார். "வால்கொழுப்பு! மூணு! அன்னைக்கு ராத்திரி நெஞ்சு கரிக்குதுன்னு சொன்னீங்களே, அதுக்குத்தானா? ஏதாவது ஆகியிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்?" அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சட்டென்று கதவுப் பக்கம் குனிந்தார். "உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும். வியாழக்கிழமையிலேருந்து."

"தெரிஞ்சும் சொல்லலையே! நீயெல்லாம் ஒரு மனுஷனா?"

போசான் சத்தியத்தைப் பற்றிச் சொல்லியிருந்தாலும் யார் கேட்டிருப்பார்கள்? கூட்டம் வக்காஸைச் சுற்றிக்கொண்டு கேலி செய்தது. நாலு கை சேர்ந்து இரும்புக் கதவை மேலே தள்ளிவிட்டது. தாம்பாளங்கள் உள்ளே வந்து விழுந்தன. "சீக்கிரம் உஸ்தா, மணி பன்னிரண்டு ஆகப்போகுது!" ஜுமா ஏற்கெனவே விறகைத் தள்ளிவிட்டிருந்தான். வேறு வழியில்லாமல் போசான் துடுப்பை எடுத்தார். நாலு மணிவரை சுட்டார். கோபத்தில் இரண்டு வீட்டு மிளகாய் கருகிப்போயிற்று. அதற்கும் திட்டு வாங்கினார்.

நெஸிஹே அதன்பின் ஞாயிறுதோறும் தானே வந்து தாம்பாளத்தை வாங்கிக்கொண்டார். வக்காஸை அனுப்புவதில்லை. மன்னிப்பு மட்டும் கேட்கவே இல்லை.

"அவளே வந்து நிக்கறாளே, அதுதான் மன்னிப்பு," என்றாள் எம்சால்.

"வந்து நின்னு எண்ணிட்டுத்தான் போறா."

"பழக்கதோஷம்."

"என்னைத் திருடன்னு சத்தம் போட்டுச் சொன்னாங்க. இல்லைன்னு சொல்றப்போ மட்டும் எதுக்கு மனசுக்குள்ளயே சொல்லிக்கறாங்க?" அவருக்குப் பிடிக்கும் என்று எம்சால் அன்று சாலட்டில் வெங்காயத்தைக் கொஞ்சம் கூடுதலாக நறுக்கிப் போட்டாள்.

குளிர்காலத்தில் ஒருநாள் கடைவீதியில் சவரத்துக்கு உட்கார்ந்திருந்தார். புது நாவிதர், இளைஞர். முகத்தில் நுரை போட்டுக்கொண்டே பக்கத்து நாற்காலிக்காரருக்கு ஒரு கதை சொன்னார். பேருந்து ஓட்டிய ஒருவர் மனைவிக்குத் தெரியாமல் கறி உருண்டை தின்று மாட்டிக்கொண்ட கதை. குடை விழுந்தது, காலரைப் பிடித்தது எல்லாம் இருந்தது. கடையே சிரித்தது.

"அதுல அடுப்புக்காரர்னு ஒருத்தர் இருப்பாரே?" என்றார் போசான்.

"இருந்தார்போல. யாரோ உர்ஃபாக்காரராம். ஏதோ கோபத்துல கடையைச் சாத்திட்டாராம்."

"அந்த உர்ஃபாக்காரன் நான்தான்."

நாவிதர் கத்தியை எடுத்துவிட்டுக் கண்ணாடியில் அவரைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"அட, அப்படியா உஸ்தா! நல்லவேளை, நீங்களே வந்தீங்க. எங்களுக்குள்ள ஒரு பந்தயமே ஓடுது. அவர் தின்னது மூணா, அஞ்சா?"

போசான் பல்லைக் கடித்தார். "மூணு," என்று சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். "கத்தியைப் பிடி. அடுப்பு அணைஞ்சுடும், எனக்கு நேரமாகுது."