காற்றாடிக்கு அடித்த தந்தி

இங்கே வேலைக்குப் போனதும் நான் செய்கிற முதல் காரியம், தீப்பெட்டி அளவுள்ள ஒரு பேட்ஜைச் சட்டையில் நெஞ்சுக்கு நேராகக் குத்திக்கொள்வது. அதற்குள் ஒரு துண்டு ஃபிலிம் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத கதிர் என் மேல் எவ்வளவு பட்டிருக்கிறது என்பதை அது காட்டிக்கொடுத்துவிடும். மாதம் முடிந்தால் பழைய ஃபிலிமை வாங்கிக்கொண்டு புதியது தருவார்கள். பழையது எங்கோ ஓர் ஆய்வுக்கூடத்துக்குப் போய் ஓர் எண்ணாகத் திரும்பி வரும். எண் வரம்புக்குள் இருந்தால் நான் நன்றாக இருக்கிறேன் என்று அர்த்தம். ஏழு வருடமாகக் குத்துகிறேன், இன்னும் பழகவில்லை. நம் பக்கத்தில் ஒருவன் நன்றாக இருக்கிறானா என்று அறிய முகத்தைப் பார்ப்பார்கள், சாப்பிட்டாயா என்று கேட்பார்கள். இங்கே ஃபிலிமைக் கழுவிப் பார்க்கிறார்கள்.

என் சொந்த ஊர் கட்டுமாவடிக்கு மேற்கே இரண்டு மைல். இப்போது இருப்பது இங்கிலாந்தின் கடற்கரையில், ஓர் அணுமின் நிலையத்துக்குப் பக்கத்தில். அங்கே அளவுக் கருவிகளைப் பழுது பார்க்கும் மெக்கானிக் நான். குடியிருக்கும் வீட்டுக்காரி மிஸஸ் டாப்சன், நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்து நெஞ்சு முழுவதும் கரித்தூளாகி இருமி இருமியே செத்தவரின் மனைவி. அவளுக்கு அணுமின் நிலையம் என்றால் கோயில் மாதிரி. புகை இல்லை, தூள் இல்லை, ஆம்பிளைகள் போன மாதிரியே சுத்தமாக வீடு திரும்புகிறார்கள் என்பாள். எங்கள் ஊரில் காற்றாடி வைப்பதைப் பற்றிப் பேச்சு நடக்கிறது என்று ஒருமுறை சொன்னேன். உடனே எழுந்து போய் காலண்டரை எடுத்துவந்து, ஹாலந்து தேசத்துப் பழைய காற்றாலைப் படத்தைக் காட்டினாள். "உங்கள் ஊருக்கு ரொம்ப அழகாக இருக்கும்" என்றாள். அழகுக்காக அல்ல, தண்ணீருக்காக என்றேன். பாவம், அவள் புன்னகையோடு சமையலறைக்குப் போய் ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நானும் குடித்தேன்.

அந்தக் காற்றாடியின் கதையைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். எனக்கு ஒரே அண்ணன், முத்தையா. அப்பா இறந்தபோது இரண்டு பேரில் ஒருவர்தான் படிக்க முடியும் என்றானது. அண்ணன் கலப்பையைப் பிடித்தார், நான் புதுக்கோட்டைக்குப் போய் ஹாஸ்டலில் தங்கிப் படித்தேன். சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த வருடம் அது. ஒருநாள் சாயங்காலம் அண்ணன் என்னைப் பார்க்க வந்தார். ஹாஸ்டல் கூடத்தில் மின்விளக்கு எரிந்ததும் அதன் கீழே உட்கார்ந்து, தன் உள்ளங்கையை விரித்து, காய்ப்புக் காய்த்த இடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கிளம்பும்போது சொன்னார்: "நீ நல்லா படிடா. படிச்சு இந்தக் கரண்ட்ட நம்ம ஊருக்குக் கொண்டாந்துரு. கமலை எறச்சு எறச்சு மாட்டுக்கும் நமக்கும் உசுரு போவுது." நான் தலையை ஆட்டினேன். அப்படி ஆட்டிய தலை இங்கே வந்து அணுவைக் காவல் காக்கிறது, ஊரில் இன்னும் மண்ணெண்ணெய் விளக்குத்தான்.

இரண்டு வருடம் மழை பொய்த்தது. கமலை இழுக்கும் மாடுகளில் ஒன்று செத்தது. அப்போதுதான் அண்ணனின் கடிதம் வந்தது. யூனியன் ஆபீஸிலிருந்து ஓவர்சியர் வந்திருக்கிறார்; காற்றில் சுற்றி, கிணற்றிலிருந்து தானே தண்ணீர் இறைக்கும் இரும்புக் காற்றாடி ஒன்று இந்தப் பக்கத்துக்கு வந்திருக்கிறது; பிள்ளையார் கோயில் பொதுக்கிணற்றில் அதை நிறுத்தச் சம்மதம் என்று ஊரார் தை பிறப்பதற்குள் கையெழுத்துப் போட வேண்டும், இல்லையென்றால் வேறு ஊருக்குப் போய்விடும். ஆனால் ஊர் இரண்டுபட்டுக் கிடந்தது. சென்னைக்குத் தெற்கே கடலோரத்தில் அணுமின் நிலையம் வரப்போகிறதாம், பத்திரிகையில் போட்டிருக்கிறதாம். காற்றாடியை வாங்கிக்கொண்டால் இவர்களுக்குத்தான் தண்ணீர் கிடைத்துவிட்டதே என்று நம் ஊரைக் கரண்ட் லிஸ்டில் கடைசியில் தள்ளிவிடுவார்கள் என்று பாதிப் பேர் பயந்தார்கள். அண்ணன் கடைசியில் எழுதியிருந்த வரிகள் இவை: "அணுவுக்குள்ளேயே வேலை பாக்குறவன் நம்ம செல்லையா, அவன் என்ன சொல்றானோ அதுதான்னு எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க. இந்தப் போகமும் போச்சுன்னா நெலத்த வித்துட்டு நானும் பினாங்குக்குக் கப்பலேறணும். ஆத்தாவ யாருகிட்ட விட்டுட்டுப் போறதுன்னு தெரியல."

கடிதத்தை வைத்துக்கொண்டு நான்கு நாள் தவித்தேன். அணுவின் பக்கம் சொல்வதற்கு நிறைய இருந்தது. ஒரு கைப்பிடி யுரேனியத்தில் ஒரு ரயில்வண்டிக் கரியின் வேலை நடக்கிறது. வெயிலானாலும் மழையானாலும் நிற்பதில்லை. கரி தின்ற நெஞ்சுகள் இல்லை. காற்றாடியோ காற்று அடித்தால்தான் சுற்றும். ஆடிக்காற்றில் பறக்கும், சரி. புரட்டாசிக் கடைசியில் கடற்காற்று ஓய்ந்து பனையோலைகூட அசையாமல் நிற்கும் நாட்களில் என்ன செய்வது? விளக்கும் எரியாது, ஒரு கிணறு இறைக்கத்தான் உதவும். ஆனால் காற்றுக்கு யாரிடமும் மனுப்போட வேண்டாம். பழுதானால் கட்டுமாவடியில் படகுக்கு இரும்பு அடிக்கிறவரே சரிசெய்துவிடுவார். முக்கியமாக, அது இந்த வருடமே வரும். அணுமின்சாரம் சென்னையைத் தாண்டி எங்கள் ஊருக்கு நடந்துவர எத்தனை வருடம் ஆகும் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

இத்தனைக்கும் நடுவில் அந்த வாரமே எனக்கு ஒன்று நடந்தது. வேலை முடிந்து வெளியே வரும் வாசலில், கதிர்த்தூள் ஒட்டியிருக்கிறதா என்று கை கால்களைச் சோதிக்கும் இயந்திரம் ஒன்று உண்டு. அன்று நான் கையை நுழைத்ததும் மணி அலறியது. எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் ஓசையில்லாமல் இரண்டடி தள்ளி நின்றுகொண்டார்கள். என்னைத் தனி அறைக்குக் கூட்டிப்போய் பிரஷ்ஷால் கையைத் தேய்த்துக் கழுவச் சொன்னார்கள். கழுவினேன், மறுபடியும் மணி. மூன்றாவது முறை தோல் சிவந்து எரிந்த பிறகுதான் இயந்திரம் சும்மா இருந்தது. ஷூவைப் பறிமுதல் செய்துகொண்டு, மாதம் முடியும் முன்பே பேட்ஜையும் சோதனைக்கு அனுப்பினார்கள். ரப்பர் செருப்போடு பனியில் வீட்டுக்கு நடந்தேன். சோற்றைப் பிசைய அந்தக் கை வரவில்லை, ஸ்பூனால் சாப்பிட்டேன். எண் வரும்வரை எனக்குப் பயம் என்றால் அப்படிப் பயம். ஆறாம் நாள் வந்தது: வரம்புக்குள். மேற்பார்வையாளர் முதுகில் தட்டி, "பார்த்தாயா, ஒன்றுமில்லை" என்றார். அந்த வரம்புக் கோட்டைக் கிழித்தவர் யார், எதை வைத்துக் கிழித்தார் என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

எண்ணுக்காகக் காத்திருந்த அந்த நாட்களில்தான் பதில் எழுதினேன். வழக்கம்போல "நலம், நலமறிய அவா" என்று தொடங்கினேன். இந்த ஏழு வருடத்தில் அந்த வார்த்தையில்லாமல் ஒரு கடிதம் போட்டதில்லை, காய்ச்சலில் கிடந்தபோதும் அப்படித்தான் எழுதினேன். பிறகு அணுவின் பெருமையை எழுதினேன். காற்றாடியின் குறையை எழுதினேன். அதற்கும் பிறகு மணி அலறியதையும், கையைத் தேய்த்ததையும், பார்வைக்குப் படாத விஷத்தோடு பழகும் பயத்தையும் எழுதி, அந்தப் பயம் காற்றாடியில் கிடையாது, அது உடனே தண்ணீரும் தரும் என்று சேர்த்தேன். கடைசியில், "எல்லாவற்றையும் யோசித்து நீங்களே முடிவெடுங்கள்" என்று முடித்தேன். இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது. காற்றாடியை வாங்குங்கள் என்று ஒரு வரி எழுத என் கை ஏன் வரவில்லை? ஊரில் எனக்குள்ள மரியாதை முழுவதும் அணுவால் வந்தது. அதைவிட நாலு இரும்புத் தகடு மேல் என்று என் வாயாலேயே சொல்ல வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான்.

அண்ணனின் பதில் தை பிறக்க ஐந்து நாள் இருக்கும்போது வந்தது. என் கடிதங்களை அண்ணன் பிள்ளையார் கோயில் வாசலில், விளக்கு வைத்த பிறகு, ஊரார் கேட்க வாசிப்பது வழக்கம். ஆத்தா முன்வரிசையில் உட்கார்ந்திருப்பாள். விளக்கு வைத்த நேரத்தில் அமங்கலமான பேச்சு எடுக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டில் மட்டுமல்ல, எங்கள் பக்கம் முழுவதும் உள்ளதுதான். அண்ணன் எழுதியிருந்தார்: "ஒன் கையக் கழுவுனது, வெஷம்னு எழுதுனது, அந்த ஒரு பத்தியையும் ஆத்தா முன்னால வாசிக்க எனக்கு நாக்கு எழல. அத விட்டுட்டு மத்ததெல்லாம் வாசிச்சேன். எல்லாரும் சந்தோசமா கேட்டாங்க. அணுவே நிக்காம ஓடுமாம், காத்தாடி காத்து நின்னா நின்னுருமாம், பேசாம கரண்ட்டுக்கே காத்திருப்போம்னு முடிவாயிருச்சு. ஓவர்சியர் பொங்கலுக்கு மொத நாள் வாராரு, வேணாம்னு சொல்லிரப் போறோம்."

காற்றாடிக்கு நல்லதாக நான் எழுதியதெல்லாம் அந்த ஒரே பத்தியில்தான் இருந்தது. பயத்தோடு சேர்ந்து அதுவும் போய்விட்டது. கடிதம் போய்ச்சேரப் பத்து நாளாகும். தபால் ஆபீஸுக்கு ஓடினேன். காற்றாடியை ஏற்றுக்கொள், கடிதம் பின்னால் வருகிறது என்று ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். கவுன்ட்டரில் இருந்த பெண் படித்துப் பார்த்துவிட்டு, வாழ்த்து, அன்பு ஏதாவது சேர்க்க வேண்டாமா, எல்லாரும் சேர்ப்பார்களே என்றாள். வார்த்தைக்கு இவ்வளவு என்று காசு, அதனால் விற்பனைப் பேச்சு என்று நினைத்து வேண்டாம் என்றேன். நலம் என்ற வார்த்தையை ஒரே ஒருமுறை விட்டேன், அதுவும் தந்தியில்.

எங்கள் ஊருக்குத் தந்தி என்றால் அது ஒன்றுக்குத்தான் வரும். இதை நான் மறந்ததுதான் என் வாழ்நாளில் செய்த பெரிய தவறு. மறுநாள் முற்பகலில் கட்டுமாவடியிலிருந்து தபால்காரர் வந்திருக்கிறார். தெருமுனையிலேயே சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு நடந்தாராம். அதைப் பார்த்ததுமே பெண்கள் வாயில் அடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார்கள். இங்கிலீஷ் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் பள்ளிக்கூடத்து வாத்தியார், அவர் அறந்தாங்கிக்குப் போயிருந்தார். தந்தியைப் பிரிக்க யாருக்கும் துணிவில்லை. கை கழுவிய கதை தெரிந்த அண்ணனுக்குச் சந்தேகமே இல்லை, முற்றத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஆத்தாவைக் கட்டிக்கொண்டு தெருவே ஒப்பாரி வைத்தது. பக்கத்து ஊரிலிருந்து மாமன் வீட்டார் கோடித்துணியோடு வந்து இறங்கினார்கள். சாயங்கால பஸ்ஸில் வந்த வாத்தியாரைக் கைப்பிடித்து இழுத்துவந்தார்கள். அவர் பிரித்துப் படித்துவிட்டு, மறுபடியும் படித்துவிட்டு, "காத்தாடிய வாங்கிக்கச் சொல்றாருங்க, வேற ஒண்ணும் இல்லீங்க" என்றாராம்.

ஆத்தா கேட்டாளாம்: "எழுதுனது எம்புள்ளதானா?"

"அவருதாங்க ஆத்தா."

"உசுரோட இருந்து எழுதுனானா?"

"ஆமாங்க. செத்தவரு எப்புடிங்க தந்தி அடிப்பாரு."

"அப்ப அவன் சொன்னதச் செய்யுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போய், எனக்காக அழுத தீட்டுக்குத் தலை முழுகினாளாம். மற்ற பெண்களும் அதே பொதுக்கிணற்றடியில் வரிசையாகக் குளித்திருக்கிறார்கள். ஓவர்சியர் வந்தபோது ஊரில் ஒரு கை பாக்கியில்லாமல் கையெழுத்தும் கைநாட்டும் விழுந்தன. அணுவா காற்றா என்று நான் நான்கு நாள் தராசு பிடித்துப் பார்த்ததெல்லாம் அங்கே யாருக்கும் தேவைப்படவில்லை. பயந்த பயத்தில் முடிவு செய்துவிட்டார்கள்.

அடுத்த வருடம் ஆடியில் லீவில் போனேன். கிணற்றுக்கு மேலே காற்றாடி வெறிபிடித்த மாதிரி சுற்றிக்கொண்டிருந்தது. குழாயில் தண்ணீர் நிற்காமல் கொட்டியது. அண்ணன் பினாங்குப் பேச்சை விட்டுவிட்டார், கேழ்வரகு பச்சையாக நின்றது. மெயின் ரோட்டுவரை கரண்ட் கம்பமும் வந்துவிட்டது, எங்கள் தெருவுக்குத் திரும்பவில்லை. அது வந்தால் வேண்டாம் என்று சொல்லமாட்டேன், அதற்குப் பின்னால் அணு இருந்தாலும். எதிர்வீட்டுச் சின்னம்மா மட்டும் என்னைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஒனக்குன்னு ஒருக்கா அழுது முடிச்சாச்சு தம்பி, ஒனக்கு ஆயுசு கெட்டி" என்றாள். சிரித்தேன்.

ஆத்தா அந்தத் தந்தியைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கிளம்புகிற அன்று அண்ணன்தான் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "வெள்ளன எந்திரிச்சு மொதல்ல காத்தாடியத்தான் பாக்குது. சுத்துனா நீ நல்லா இருக்கியாம். நின்னுருச்சுன்னா சோறு தண்ணி எறங்க மாட்டேங்குது. காத்து இல்ல ஆத்தா, அவனுக்கு ஒண்ணும் இல்லன்னு எவ்வளவோ சொல்லிட்டேன், கேக்க மாட்டேங்குது."

இங்கே திரும்பி வந்து மறுபடியும் பேட்ஜைக் குத்திக்கொள்கிறேன். நான் குத்துகிற நேரம் அங்கே உச்சி வெயில், அன்று எனக்காக ஒப்பாரி நடந்ததும் இதே நேரம்தான். நான் நன்றாக இருக்கிறேனா என்பதை இங்கே ஒரு ஃபிலிம் சொல்கிறது, அங்கே ஒரு காற்றாடி சொல்கிறது. இரண்டுக்கும் என்னைத் தெரியாது. ஃபிலிமை ஆய்வுக்கூடத்துக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள். புரட்டாசி பிறந்துவிட்டால் நான் வாரத்துக்கு இரண்டு கடிதம் போடுகிறேன், ஊரில் காற்று ஓய்ந்திருக்கும்.