பதில் வராத மேசை

தொண்ணூறுகளின் கடைசியில் ஓர் ஆனி மாதம். திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் ஒரு தனியார் அலுவலகத்தில் நான் கடைநிலை ஊழியன். படிப்பு எட்டாம் வகுப்பு. மூன்று மாடியிலும் மேசை மேசையாக ஃபைல் கொண்டுபோய்க் கொடுப்பதும் வாங்கி வருவதும்தான் வேலை.

அப்போதுதான் கம்ப்யூட்டர்களை எல்லாம் வயர் போட்டு இணைத்திருந்தார்கள். கீழே ஒருவர் தட்டினால் மேலே எல்லாத் திரையிலும் சின்னப் பெட்டி மாதிரி ஒரு சேதி டிங் என்று வந்து நிற்கும். எனக்கு அது பெரிய அதிசயம். படி ஏறாமல் எப்படிப் போகிறது? கம்ப்யூட்டரில் வேலை பார்க்கும் பெண்பிள்ளையிடம் கேட்டுக்கொண்டே இருப்பேன்.

“நீங்க ஓடுத மாதிரி அது வயர்ல ஓடுது அண்ணாச்சி. கால்தான் வலிக்காது” என்று சிரிக்கும்.

அன்று, நர்ஸ் படிப்பில் சேர என் மகளின் அசல் மதிப்பெண் பட்டியலைக் கொடுக்கக் கடைசி நாள். நான்கு மணிக்குள் பாளையங்கோட்டையில் கொடுத்தாக வேண்டும். காலையில் நெல்லையப்பர் சன்னதியில் அதை வைத்து வாங்கிக்கொண்டு நேரே வேலைக்கு வந்தேன். மடங்கிவிடக் கூடாதே என்று கையில் இருந்த ஒரு ஃபைலுக்குள் செருகினேன். பிறகு வழக்கம்போல எல்லா ஃபைலையும் மேசைகளில் கொடுத்துவிட்டேன், அதையும் சேர்த்து.

மதியம்தான் நினைவு வந்தது. எந்த ஃபைல் என்று தெரியவில்லை. அதிகாரிகளின் ஃபைலை நான் பிரிக்கவும் கூடாது. அந்தப் பிள்ளையிடம் போய் நின்றேன்.

“அழாதீங்க. எல்லாருக்கும் ஒரே அடியா போட்டுருதேன்.”

அந்தப் பிள்ளை சேதியைத் தட்டியது. இங்கும் அங்கும் டிங் டிங் என்று கேட்டது. ஃபைல்களைப் புரட்டும் சத்தமும் கேட்டது. ‘இங்கே இல்லை’ என்று ஒவ்வொரு பதிலாக வந்தது. ஒருவர் மட்டும், மகள் எவ்வளவு மார்க் என்றும் கேட்டிருந்தார். மணி இரண்டரை ஆகிவிட்டது. நான் முருகா முருகா என்றபடி நின்றேன்.

“பதினாலு கம்ப்யூட்டர், பதினாலு பதிலும் வந்துட்டு. காலைல எத்தன மேசைக்குக் குடுத்தீங்க?”

விரல் விட்டு எண்ணினேன். பதினைந்து.

பதினைந்தாவது மேசை, பின்பக்கம் பழைய பதிவேடுகள் இருக்கும் அறையில். அங்கே இருந்த பெரியவர் கம்ப்யூட்டரே வேண்டாம் என்றவர். ஃபைலில் என் திருநீறு உதிர்ந்து கிடக்கிறது என்று ஒருமுறை சத்தம் போட்டிருந்தார். அன்றிலிருந்து அவரிடம் பேசுவதில்லை. ஃபைலை வாசல் பக்கத்தில் வைத்துவிட்டு வந்துவிடுவேன்.

தயங்கிக்கொண்டே உள்ளே போனேன். விஷயத்தைச் சொன்னதும் மேசை இழுப்பறையைத் திறந்து பைபிளை எடுத்தார்.

“உம்ம பிள்ளையா வே? காலைலயே பாத்துட்டேன். மடங்கக் கூடாதுல்லா, வேதப்புத்தகத்துக்குள்ள வச்சிருக்கேன். யாரு வீட்டுப் பிள்ளைன்னு உம்மகிட்ட கேக்கலாம்னா, நீரு வாசல்லயே வச்சுட்டு ஓடிருதீரு.”

பட்டியலை வாங்கிக்கொண்டு நன்றி சொல்லப் போனேன். அவர் சொல்ல விடவில்லை.

“பஸ்ஸுக்கு நிக்காதேயும். என் சைக்கிள் அங்கன நிக்கு, எடுத்துட்டுப் போம். பைய போம், நேரம் கெடக்கு.”

மூன்றரைக்கெல்லாம் கொடுத்துவிட்டேன். மகளுக்கு இடமும் கிடைத்தது.

இப்போது எங்கள் தெருக் கோயிலில் கொடைத் திருவிழா என்றால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் செல்போனில் சேதி போடுகிறார்கள். யார் யாருக்கு அது போகவில்லை என்று கேட்டுக்கொண்டு, அந்த வீடுகளுக்கு மட்டும் நான் நடந்துபோய்ச் சொல்லிவிட்டு வருகிறேன். அதிலும் எனக்குப் பேச்சில்லாத வீடு இருந்தால், அங்கேதான் முதலில் போகிறேன்.