அக்கா பார்த்த பச்சைப் புள்ளி

ஆள் இல்லாத அறையில் விளக்கு எரிந்தால் அந்த மனிதருக்கு வயிறு எரியும். அடுத்தவர் வீட்டு விளக்காக இருந்தாலும் சரிதான். சாப்பிடக் கூப்பிட்ட வீட்டில்கூட, காலியாக இருக்கும் கூடத்து விசிறியை நிறுத்திவிட்டு வந்துதான் இலையைப் பார்ப்பார். அக்கா மகள் சின்ன வயதில் வைத்த ‘சுவிட்ச் மாமா’ என்ற பெயர் தெருவுக்கே பிடித்துப் போய், அவருடைய சொந்தப் பெயர் தபால்காரருக்கு மட்டும் தேவைப்படுவதாக ஆகிவிட்டது.

அது தொழில் கொடுத்த குணம். பல மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றில் எலெக்ட்ரீஷியனாக இருந்தார். சாயங்காலம் எல்லோரும் கிளம்பிய பிறகு மேல் மாடியில் தொடங்கி ஒவ்வொரு மாடியாக இறங்குவார். விளக்கு, விசிறி, ஏசி, யாரோ மறந்துவிட்டுப் போன காபி மெஷின் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, கீழே வந்து காவலாளியிடம் சாவியைக் கொடுப்பார். ஓய்வு பெறும்வரை இதே வேலை. கை பழகிவிட்டது. வீணாக ஓடுவது எது, வேண்டித்தான் ஓடுவது எது என்று யோசிக்க அந்தக் கைக்கு நேரமும் இருந்ததில்லை.

வீட்டில் அவரும் அக்காவும்தான். அம்மா போன பிறகு அவரை வளர்த்தவள் அவள். கட்டிக்கொடுத்த இடத்தில் புருஷன் சீக்கிரமே கண்ணை மூட, கைக்குழந்தையோடு திரும்பி வந்தாள். அதற்குப் பிறகு தம்பி தன் கல்யாணப் பேச்சை எடுக்கவே விடவில்லை. அதற்காக அக்கா அவரை வாழ்நாள் முழுக்கத் திட்டினாள். கத்தரிக்காய் முற்றல், சட்டையில் பொத்தான் இல்லை, குளியலறை விளக்கை அவள் உள்ளே இருக்கும்போதே அணைத்துவிட்டான் என்று திட்டுவதற்கு அவளுக்கு விஷயமா கிடைக்காது? வாய் ஓய்ந்திருக்கும் நாளில்தான் இவருக்குக் கவலையாக இருக்கும், உடம்புக்கு ஏதாவதோ என்று.

போன வருஷம் அந்த வாய் ஒரேயடியாக ஓய்ந்தது. பக்கவாதத்தில் வலது கையும் காலும் விழுந்ததோடு பேச்சும் போய்விட்டது. மகள் வந்து தன் ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ராத்திரி பஸ் ஏறினால் விடிந்துதான் இறங்கலாம், அவ்வளவு தூரம். போகும்போது தன் பழைய கம்ப்யூட்டரை மாமாவிடம் விட்டுப்போனாள். அம்மாவின் கட்டிலுக்கு எதிரே இன்னொன்று வைக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை ஆனால் முகம் பார்த்துப் பேசலாம் என்றாள்.

முதல் ஞாயிற்றுக்கிழமை பேசினார்கள். பேசினார்கள் என்பது பேச்சுக்குத்தான். ஒரு பக்கம் இழுத்துக்கொண்ட வாயோடு அக்கா ஏதோ சொல்ல முயன்றாள். காற்றும் சத்தமும்தான் வந்தன. அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று இவர் எழுந்து போய் சமையலறையில் நின்று அழுதார். அடுப்பில் பால் கிடையாது. அடுத்த ஞாயிறு தலைவலி. அதற்கடுத்தது யாரோ வந்திருக்கிறார்கள். மகள் சில மாதம் முயன்று பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். அக்காவின் மேல் உயிரையே வைத்திருந்த மனிதர்தான். அந்த முகத்தைப் பார்க்கத்தான் தைரியம் இல்லை.

அவருக்குத் தெரியாமல் ஒன்று மட்டும் நடந்துகொண்டிருந்தது. காலையில் அவர் செய்தி படிக்கவும் சீட்டு விளையாடவும் கம்ப்யூட்டரைப் போடுவார். உடனே அந்தப் பேசும் புரோகிராம் தானாகவே உயிர்பெற்று எங்கோ ஒரு மூலையில் உட்கார்ந்துகொள்ளும். அந்த நேரத்தில் அக்காவின் திரையில் அவர் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி ஒன்று எரியும். தம்பி எழுந்துவிட்டான், நடமாடுகிறான், அவன் வீட்டில் இன்றைக்கும் விடிந்திருக்கிறது. அக்காவுக்கு அது போதும். அதைப் பார்த்த பிறகுதான் மகள் நீட்டும் கரண்டிக்கு வாயைத் திறப்பாள். மகளுக்கும் இது புரியவில்லை. அம்மா காலையில் கொஞ்சம் அடம்பிடிப்பாள், அப்புறம் சரியாகிவிடுவாள் என்றுதான் அவளும் நினைத்திருந்தாள்.

கம்ப்யூட்டர் பழசு. போட்டுவிட்டுக் குளித்துவிட்டு வந்தாலும் இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும். ஏன் இந்த ஆமை வேகம் என்று தேடிப் படித்ததில், யாரும் கூப்பிடாமலே ஏகப்பட்ட புரோகிராம்கள் தாமாக ஓடத் தொடங்குகின்றன என்று தெரிந்தது. சுவிட்ச் மாமாவிடம் போய் இதைச் சொன்னால் விடுவாரா? அந்தப் பட்டியலைக் கண்டுபிடித்துத் திறந்தபோது, மேல் மாடியிலிருந்து கீழ் மாடிவரை எல்லா விளக்கும் எரிகிற கட்டடத்தைப் பார்த்த கோபம் வந்தது. முதலிலிருந்து கடைசிவரை ஒவ்வொரு டிக்காக எடுத்தார். பக்கத்தில் இன்னொரு பட்டியல் இருந்தது; அதையும் விட்டுவைக்கவில்லை. கையைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

மறுநாள் கம்ப்யூட்டர் எழவில்லை. கறுப்புத் திரை, நடுவில் ஒரு அம்புக்குறி, அவ்வளவுதான். அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நாலைந்து முறை அணைத்துப் போட்டார். மனிதர் கற்ற வித்தை அதுதானே. கடைசியில் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு ரிப்பேர் கடைக்குப் போனார்.

கடைக்காரப் பெண் பொறுமைசாலி. முக்கியமானவை மட்டும் ஓடுகிற சேஃப் மோடில் அதை எழுப்பி, அந்தப் பட்டியலைத் திறந்ததும் சிரித்துவிட்டாள். இவர் எடுத்ததில் பாதி கம்ப்யூட்டருக்குக் கை கால் மாதிரி, அதையெல்லாமா எடுப்பார்கள் என்று கேட்டாள். கட்டாயம் வேண்டியவற்றை முதலில் திரும்பப் போட்டாள். மிச்சத்தைப் பற்றி அவரையே கேட்டாள், ஒவ்வொன்றாக. பிரிண்டர்? கிடையாது. இசை? வேண்டாம். பேசும் புரோகிராமில் வந்து நின்றாள்.

“இது தானா ஓடட்டுமா சார்? ஓடினா நீங்க இருக்கீங்கன்னு உங்க ஆளுங்களுக்குத் தெரியும்.”

“எனக்கு யாரும்மா இருக்கா? வேணாம், எடுத்துடு.”

கம்ப்யூட்டர் குதிரை மாதிரி ஓடியது. அந்த வாரம் தெருவில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் அவர் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

செல்போனையும் அவர் சாயங்காலம்தான் உயிர்ப்பிப்பார். ஒரு நாள் அதைப் போட்டதும் அக்கா மகளின் அழைப்பு வந்தது. எடுத்தவுடன் அவள் குரல் உடைந்தது.

“மாமா, நல்லாத்தானே இருக்கீங்க? கம்ப்யூட்டரே போடறதில்லையா?”

தினமும்தான் போடுகிறேன், இப்போது நிமிஷத்தில் வருகிறது என்று இவர் பெருமையாகத் தொடங்கினார். அவள் கேட்கும் நிலையில் இல்லை. அம்மா கொஞ்ச நாளாக இடது விரலால் திரையையே காட்டிக்கொண்டிருந்தாள், வெளிச்சத்தில் கண் கூசுகிறது போல என்று நினைத்து நானே அதை அணைத்துவிட்டேன் என்றாள். அதன் பிறகு அம்மா வாயைத் திறக்கவேயில்லை. டாக்டர் வந்தார், ஊசி போட்டார், இனி உடம்பு தாங்காது என்று சொல்லிவிட்டுப் போனார். இன்றைக்குத் திரையைத் திரும்பப் போட்டபோது மாமாவின் பெயர் வெளிறிக் கிடந்தது. பச்சை எங்கே என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

“அம்மா நீங்க போயிட்டீங்கன்னு நினைச்சுட்டாங்க மாமா.”

அவர் தட்டுத்தடுமாறி அந்தப் புரோகிராமைத் தேடித் திறந்தார். வந்துவிட்டதா, வந்துவிட்டதா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். வந்துவிட்டது, ஆனால் அம்மா கண்ணை மூடிக்கொண்டிருக்கிறாள் என்றாள் மகள். மாற்றுத் துணிகூட எடுக்காமல் பஸ் நிலையத்துக்கு ஓடினார். வழியெல்லாம் அவர் மனசு அந்தக் கடைக்காரப் பெண்ணின் கேள்வியிலேயே நின்றது. அவள் தெளிவாகத்தான் கேட்டாள். வேண்டாம் என்று சொன்னது இவர் வாய்தான்.

போனபோது அக்கா கண்ணைத் திறந்துதான் இருந்தாள். பார்வை எதிரே திரை இருந்த திசையில் நிலைகுத்தி நின்றது. கட்டிலருகே உட்கார்ந்து கையைப் பிடித்தார், தலை திரும்பவில்லை. எழுந்து போய்த் திரையை மறைத்துக்கொண்டு அவள் கண்ணுக்கு நேராக நின்றார்.

“அக்கா, நான்தான். எனக்கு ஒண்ணும் ஆகல. கம்ப்யூட்டர்ல அதை நான்தான் நிறுத்தித் தொலைச்சேன். புத்தி கெட்டவன். திட்டுக்கா.”

மகள் வாசலில் நின்றபடி வாயைப் பொத்திக்கொண்டாள். டாக்டர் ராத்திரியே வந்து பார்த்துச் சொல்லிவிட்டார், இனி ஆளைத் தெரியாது என்று. அதை மாமாவிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. நாற்காலியைத் திரைக்கு முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, டிக் எடுத்ததிலிருந்து துண்டில் சுற்றிக் கடைக்குக் கொண்டுபோனதுவரை ஒன்றுவிடாமல் அவர் அக்காவிடம் சொன்னார். பால் பொய், தலைவலி பொய் என்றும் சொன்னார். பொழுது சாயும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார். ஒரு வருஷமாக அவர் பார்க்கப் பயந்த முகம் கையெட்டும் தூரத்தில் இருந்தது. இப்போது அவர் கண்ணை எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அது அவரைப் பார்க்கவில்லை.